கையெழுத்துப் போடாத புள்ளி

செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் ஒரு கொலை என்று கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் கத்தியையோ விஷத்தையோ தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் பத்திரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அதிலும் கிறிஸ்தவப் பார்வையில் நீதியையும் மன்னிப்பையும் பேசும் கதை என்றால், பத்திரம் இல்லாமல் அடி எடுத்து வைக்கவே முடியாது.

காரணம் வீட்டின் உடைமை முறை. கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பமும் ஒரு புள்ளி. வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் அறை உண்டு, அந்த அறைக்குத் தனிப் பூட்டும் உண்டு. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் பொது. மூன்று தலைமுறை தாண்டினால் ஒரே வீட்டில் இருபது புள்ளி சேர்ந்துவிடும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். வாசல் சாவி காவல்காரர் இடுப்பில். பர்மா தேக்குத் தூணையும் நிலையையும் கழற்றி விற்றாலே நல்ல காசு என்று யாரோ கணக்குப் போடுகிறார்கள். முழு வீட்டையும் விற்க எல்லாப் புள்ளியும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒருவர் மறுக்கிறார்.

வேதாகமம் படித்தவருக்கு இந்த இடத்தில் நாபோத் நினைவு வர வேண்டும். 1 ராஜாக்கள் 21. அரண்மனைக்குப் பக்கத்துத் திராட்சத்தோட்டத்தை ராஜா ஆகாப் விலைக்குக் கேட்கிறான். பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறான் நாபோத். ராஜா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுகிறான். அடுத்து ராணி யேசபேல் செய்வதைக் கவனியுங்கள். ஆகாபின் பெயரில் நிருபம் எழுதுகிறாள், அவன் முத்திரையைப் போடுகிறாள், நாபோத்துக்கு எதிரே இரண்டு பொய்ச்சாட்சிகளை உட்காரவைக்கச் சொல்கிறாள். கல்லெறிந்து கொன்றது ஊர். கொலைக்கருவி காகிதம்.

எழுதுகிறவர்கள் சறுக்கும் முதல் இடமும் இங்கேதான். மறுப்பவரைக் கொன்றால் வீடு கைக்கு வந்துவிடும் என்று எழுதிவிடுகிறார்கள். வராது. அவர் பங்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். ஒரு கையெழுத்துக்குப் பதில் நான்கு கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும், அதுவும் துக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் ஆட்களிடம். கொன்றவனே வாரிசாக இருந்தாலும் பயனில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 25: கொலை செய்தவனுக்கு, கொலையுண்டவரின் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. தீர்க்கதரிசி எலியா ஆகாபிடம் கேட்ட கேள்வியும் இதுவேதான்: நீ கொலை செய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ? வாரிசுப் பிரச்சினையை வேதாகமமும் கோட்டைவிடவில்லை. 2 ராஜாக்கள் 9:26-ஐப் பார்த்தால் நாபோத்தின் இரத்தத்தோடு அவன் குமாரரின் இரத்தமும் பேசப்படுகிறது. பிள்ளைகளையும் தீர்த்துவிட்டுத்தான் தோட்டத்தை எடுத்திருக்கிறார்கள். முதல் வாசிப்பில் கண்ணில் படாத வரி அது.

ஆகவே நம் கதையில் நோக்கம் வேறு மாதிரி அமைய வேண்டும். எனக்குச் சரியாகப் படுவது ஆள்மாறாட்டம். மறுத்த செட்டியாருக்குப் பதில் வேறு ஒருவரைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிறுத்துகிறார்கள். புகைப்படம் எடுக்கிறார்கள், கைரேகை எடுக்கிறார்கள், ‘இவர் இன்னார்தான்’ என்று இரண்டு அடையாளச் சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். ஆமாம், இரண்டு பேர், யேசபேல் வைத்த அதே எண்ணிக்கை. சில மாதம் கழித்து வேறு எதற்கோ வில்லங்கச் சான்று போட்ட செட்டியார், தன் பங்கு ஏற்கெனவே விற்றாகிவிட்டதைப் பார்க்கிறார். ஊருக்கு வந்து சேர்ந்த மூன்றாம் நாள் தன் அறையில் பிணமாகக் கிடக்கிறார். இதில் கொலை வாரிசுக்காக நடக்கவில்லை, வாயை அடைக்க நடக்கிறது. பத்திரத்தின் பதிவுத் தேதி, வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்த தேதி, சாவு தேதி மூன்றையும் வாசகருக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஒளிக்கக் கூடாது. ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். தடயத்தை வாசகரிடம் மறைக்காதே என்பது அதில் ஒன்று. ஒரு குருவானவருக்கு அது பொய்ச்சாட்சி விவகாரமாகவே பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்பது இன்னொரு விதி. செட்டிநாட்டு வீட்டுக்கு அந்த ஒன்றும் வேண்டாம். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. இடையில் கட்டுக்குக் கட்டு கதவு, எல்லாம் ஒரே நேர்கோட்டில்.

இந்த வீட்டில் கிறிஸ்தவர் யார்? நகரத்தார் என்னும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் சிவனடியார்கள். ஒன்பது நகரக் கோயில் மரபில் வந்த குடும்பத்துக்குள் திடீரென்று ஒரு ஜெபக்கூட்டம் நடத்தினால் கதை அங்கேயே சாகும். கிறிஸ்தவர் வெளியிலிருந்து வருகிறவர்: காவல்காரர், நர்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவகோட்டைப் பக்கத்துப் பங்குச் சாமியார், பத்திர எழுத்தர். அவருக்கு அந்த வீட்டில் பிரசங்கம் பண்ண உரிமை கிடையாது. இது கதைக்கு நல்லது. அவர் நம்பிக்கை பேச்சில் வராமல் செய்கையில் வர வேண்டியிருக்கும்.

சபை எது என்பதையும் முதல் பக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் சிவகங்கை மறைமாவட்டம். சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்றால் மதுரை–இராமநாதபுரம் திருமண்டிலம். கத்தோலிக்கருக்கு ஆண்டவர், பூசை, சாமி. சி.எஸ்.ஐ.க்குக் கர்த்தர், ஆராதனை, ஐயர். பெரிய பிழை கட்டளை எண்ணில் வரும். ‘கொலை செய்யாதே’ கத்தோலிக்கருக்கு ஐந்தாம் கட்டளை, சி.எஸ்.ஐ.க்கு ஆறாம் கட்டளை. ‘ஆறாம் கட்டளையை மீறிவிட்டேன் சாமி’ என்று ஒரு கத்தோலிக்கர் சொன்னால் அவர் ஒப்புக்கொள்வது விபசாரத்தை. பொய்ச்சாட்சி அவர்களுக்கு எட்டு, இவர்களுக்கு ஒன்பது. நம் கதை, கத்தோலிக்க எண்ணிக்கையில், எட்டில் தொடங்கி ஐந்தில் முடிகிறது.

தடயத்துக்கு வருவோம். அந்த வீட்டில் முந்தின நாள் ஒரு விசேஷம் என்று வையுங்கள். நடுவீட்டுக் கோலம் போட்டிருக்கிறார்கள். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்த மாவு. துணியை அதில் நனைத்து, விரல் வழியே இழுத்துப் போடும் கோலம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேல் அது ஈரமாக இருக்கும்போது ஒருவர் மிதித்தால் கோடு கால் போன திசையில் இழுபடும், அடுத்த கல்லில் பெருவிரல் வெள்ளையாகப் பதியும், அதற்கடுத்த கல்லில் மங்கலாக. காய்ந்த பிறகு மிதித்தால் மாவு செதிலாகப் பெயருமே தவிரத் தடம் விழாது. ஆடிக் காற்றில் சீக்கிரம் காயும், ஐப்பசி மழையில் நேரமாகும். கோலத்தை எத்தனை மணிக்கு முடித்தேன் என்று ஆச்சி சொல்லிவிட்டால், அந்தப் பெருவிரல் ஒரு கடிகாரமாகிவிடுகிறது. பொதுவாகப் பிணத்தின் விறைப்பை வைத்து நேரம் சொல்கிற கதைகள்தான் அதிகம். நம் வெப்பத்தில் அது ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தொடங்கிவிடும், கோடையில் 18 முதல் 36 மணி நேரத்துக்குள் விலகிவிடும். மேல்நாட்டுக் கதையில் படித்த கணக்கை அப்படியே காரைக்குடிக்குக் கொண்டுவந்தால் அரை நாள் பிசகும். தடித்த சுவருக்குள் குளிர்ந்து கிடக்கும் அறையில் கணக்கு மறுபடி மாறும். கோலம் இவ்வளவு ஏமாற்றாது.

இதற்கும் வேதத்தில் முன்னோடி உண்டு, ஆனால் கத்தோலிக்க வேதாகமத்தில், சி.எஸ்.ஐ. வேதாகமத்தில் அல்ல. தானியேல் 14. பேல் தெய்வம் தினமும் 12 மரக்கால் மாவும் 40 ஆடும் சாப்பிடுகிறது என்று ராஜா நம்புகிறான். (மரக்கால் என்பது நம் வசதிக்கு, அவர்கள் அளவை வேறு.) கோயில் கதவைப் பூட்டி ராஜாவின் மோதிரத்தால் முத்திரை வைக்கிறார்கள். அதற்கு முன் தானியேல் தரை முழுக்கச் சாம்பலைத் தூவிவிடுகிறார். காலையில் முத்திரை அப்படியே இருக்கிறது, படையலைக் காணோம். தெய்வத்தின் பெருமையைச் சொல்லி ராஜா கூவுகிறான். தானியேல் சிரித்துக்கொண்டே அவனை உள்ளே போகவிடாமல் பிடித்து, தரையைக் காட்டுகிறார். ஆண், பெண், குழந்தைகள் காலடி. மேசைக்கு அடியில் 70 பூசாரிகளின் கதவு. பூட்டிய அறைப் புதிர் இவ்வளவு பழையது. சி.எஸ்.ஐ. ஆசிரியைக்கு இந்தக் கதை தன் வேதப்புத்தகத்தில் கிடைக்காது. கத்தோலிக்கக் காவல்காரருக்குக் கேள்விப்பட்ட கதையாக இருக்கும். ஆகவே தரையைப் பார்க்கத் தோன்றுவது காவல்காரருக்குத்தான்.

முந்தின அதிகாரம் சூசன்னா. இரண்டு மூப்பர் சாட்சி சொல்கிறார்கள், சபை நம்பிவிடுகிறது. தானியேல் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று தனித்தனியே கேட்கிறார். ஆளுக்கொரு மரம் சொல்கிறார்கள். நம் அடையாளச் சாட்சிகள் இருவரிடமும் அப்படியே கேட்கலாம்: பதிவன்று செட்டியார் எந்தக் கையால் கையெழுத்துப் போட்டார்?

அந்த இருவரில் ஒருவர்தான் கதையின் இதயம். பத்திர எழுத்தர், கத்தோலிக்கர், ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிக்கிறவர். பணத்துக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டார். செட்டியாரைக் கொல்வார்கள் என்று அவர் நினைக்கவில்லை. குற்றமில்லாத காவல்காரரைப் போலீஸ் பிடித்த மறுநாள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவத்தை அறிக்கையிட, போகிறார்.

இங்கே பல எழுத்தாளர்கள் சொதப்புவார்கள். சாமியார் மனம் பொறுக்காமல் இன்ஸ்பெக்டருக்கு ஒரு துண்டுச்சீட்டு அனுப்புவார், அல்லது பிரசங்கத்தில் சாடையாகப் பேசுவார். இரண்டும் நடக்காது. திருச்சபைச் சட்டம் 983: சொல்லாலோ வேறு எந்த விதத்திலோ, எந்தக் காரணத்துக்காகவும் காட்டிக்கொடுக்கக் கூடாது. நேரடியாக மீறினால் அந்தக் கணமே திருச்சபை விலக்கு, அதை நீக்கும் அதிகாரம் ரோமுக்கு மட்டும். 984 இன்னும் கடுமையானது. வெளியே தெரிய வாய்ப்பே இல்லாவிட்டாலும், கேட்டதை அந்த ஆளுக்குப் பாதகமாகப் பயன்படுத்தக் கூடாது. அப்படியென்றால் வாசகம் வாசிக்கும் பட்டியலிலிருந்து அவர் பெயரைக்கூட எடுக்க முடியாது. அடுத்த ஞாயிறு அவர் பீடத்துக்கு வந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ‘ஆதியாகமத்திலிருந்து வாசகம்’ என்று ஆரம்பிப்பார். அல்ல, கத்தோலிக்கர் ‘தொடக்க நூல்’ என்பார்கள்; பார்த்தீர்களா, இப்படித்தான் கை வழுக்கும். சாமியார் இரண்டடி தள்ளி உட்கார்ந்து கேட்க வேண்டும். தெருவில் எதிரே பார்த்தாலும் தானாக அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. தற்செயலாக ஒட்டுக்கேட்ட கோயில்பிள்ளை (கோயில் ஊழியர்) இருந்தால் அவருக்கும் வாய்ப்பூட்டுதான், 983-இன் இரண்டாம் பத்தி.

நம் நாட்டுச் சட்டம் சாமியாருக்குக் கைகொடுக்காது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதற்குப் பாதுகாப்பு உண்டு. குருவானவரிடம் சொன்னதற்குத் தனிப் பாதுகாப்பு எழுதப்படவில்லை. கோர்ட் அழைத்தால் கூண்டில் ஏறி மௌனமாக நிற்க வேண்டியதுதான்.

அவர் கையில் இருப்பது பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ளேயே செய்யக்கூடியது மட்டும். மனத்துயர், அறிக்கை, பரிகாரம் மூன்றும் சேர வேண்டும். தன்னால் ஒரு அப்பாவி சிறையில் கிடக்கிறார் என்று தெரிந்தும் அதைச் சரிசெய்யும் மனது இல்லையென்றால் மனத்துயரே முழுமையில்லை. பாவப்பொறுத்தலைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைத்தாலும் கேட்டது கேட்டதுதான், இரகசிய முத்திரை உடையாது. அடுத்து ஒரு வழி இருக்கிறது: ‘இதே விஷயத்தை வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து இன்னொரு தடவை சொல்லுய்யா, நான் உன்கூட வர்றேன்’. அந்தக் காட்சியை எழுதுவதென்றால் அவசரப்படாதீர்கள். எழுத்தர் முதல் தடவை எழுந்து போய்விட வேண்டும்.

போலீஸ் பக்கம் வேகமாகப் பார்த்துவிடுவோம். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் வளவில் உட்காரவைத்து, இன்ஸ்பெக்டர் முன்னால் கொலையாளி ‘நான்தான் செய்தேன்’ என்று கதறினால் அது கோர்ட்டில் செல்லாது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 25, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் பிரிவு 23. அவர் சொல்லி ஊருணியிலிருந்து அந்த நீளச் சாவியை எடுத்தால், எடுக்கக் காரணமான வார்த்தைகள் மட்டும் செல்லும். தமிழ்நாட்டு வழக்குகளில் அடிக்கடி வரும் ‘கிராம நிர்வாக அலுவலரிடம் சரணடைந்து வாக்குமூலம்’ என்பதைக் கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும். உறுதியாக நிற்பது மாஜிஸ்திரேட் முன் கொடுப்பது. சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கே எதிராகும் என்று எச்சரித்து, யோசிக்க நேரம் கொடுத்து எழுதுவார்கள். அந்தக் காத்திருப்பு இரவை யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டிய இரவு அதுதான்.

பத்திர எழுத்தரை அரசுத் தரப்பு அப்ரூவராக்கலாம், அதாவது மன்னிப்புக் கொடுத்துத் தன் சாட்சியாக்கலாம். இங்கே இரண்டு மன்னிப்புகள் எதிரெதிராக நிற்கின்றன. கோர்ட் மன்னிப்பு முழு உண்மையையும் சொன்னால் தண்டனையிலிருந்து விடுவிக்கும், மனந்திரும்பினாயா என்று கேட்காது. திருச்சபை மன்னிப்பு மனந்திரும்பலைக் கேட்கும், தண்டனையிலிருந்து விடுவிப்பதாக வாக்கு கொடுக்காது. கிறிஸ்தவக் கதை என்று எழுதுகிறவர்கள் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். கொலைகாரன் முழங்கால் போட்டதும் மேகம் விலகி, இன்ஸ்பெக்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்டுவிடுவார். சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பாருங்கள், லூக்கா 23. நமக்கு நியாயப்படி கிடைத்திருக்கிறது என்று தன் வாயால் சொல்கிறான். இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்ற பதில் வருகிறது. யாரும் அவனைக் கீழே இறக்கவில்லை. சாயங்காலம் கால் எலும்பை முறித்தார்கள். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைப் போரில் சாகவைத்த தாவீது ராஜாவும் அப்படியே. தீர்க்கதரிசி நாத்தான் ஆட்டுக்குட்டிக் கதை சொல்லி, ராஜா வாயிலிருந்தே தீர்ப்பை வரவழைத்து, நீயே அந்த மனுஷன் என்கிறார். பாவம் நீக்கப்பட்டது, பட்டயம் வீட்டை விட்டு விலகவில்லை. உரியா தன் சாவுக் கடிதத்தைத் தானே சுமந்துகொண்டு போன கதை அது. மறுபடியும் காகிதம்.

அதற்காகத் தூக்கு கேட்கும் கதையாகவும் ஆக்க வேண்டாம். 2018-இல் போப் பிரான்சிஸ் மறைக்கல்வி நூலின் 2267-ஆம் எண்ணைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதிவைத்தார். சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வக்கீல் தூக்கு கேட்கும் நாளில், கொலையுண்டவர் வீட்டோடு துக்கத்தில் நின்ற அதே சாமியார் அந்தக் கோரிக்கைக்கு எதிராக நிற்க வேண்டியிருக்கும். ஆச்சிக்கு அது துரோகமாகத்தான் படும். படட்டும், அதைச் சமாதானம் செய்து எழுதாதீர்கள்.

ஆச்சிக்குத் தன் வழி இருக்கிறது. கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் அநியாயம் செய்தவர் மேல் காசு வெட்டிப் போடுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று கிறிஸ்தவப் பாத்திரத்தை விட்டு ஏளனம் செய்ய வைத்தால் அந்தப் பாத்திரத்துக்கு வேதம் தெரியாது என்று அர்த்தம். ஆபேலின் இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து கூப்பிட்டது. வெளிப்படுத்தலில் கொலையுண்டவர்கள் பலிபீடத்தின் கீழிருந்து, எங்கள் இரத்தத்துக்கு எதுவரைக்கும் பழிவாங்காமல் இருப்பீர் என்று கேட்கிறார்கள். கேள்வி ஒன்றுதான். யார் கையில் ஒப்படைப்பது, ஒப்படைத்த பிறகு எதிரிக்கு என்ன நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது, இந்த இரண்டில்தான் வழி பிரிகிறது. ஆச்சி காசு வெட்டப் போகும் காரை ஓட்டுகிறவராகக் கத்தோலிக்க டிரைவர் ஒருவரை வைத்துப் பாருங்கள். வசனமே தேவைப்படாது.

தேவகோட்டைக்குக் கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில், அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோவை 1693 பிப்ரவரி 4 அன்று சேதுபதியின் ஆணைப்படி வெட்டினார்கள். அங்கே மண் சிவப்பு. அவர் இரத்தத்தால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை, பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். காவல்காரர் வீட்டு மாடத்தில் அந்தச் செம்மண் இருக்கலாம். போலீஸ் சோதனையில் அது ‘சந்தேகத்துக்குரிய மண்’ என்று மகஜரில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் பதிவில், ஏறவும் செய்யலாம்.

கடன் என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். பழைய மொழிபெயர்ப்பில் ஆண்டவர் ஜெபம் ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று வரும். கத்தோலிக்கர் பாவங்களைப் பொறுத்தருளச் சொல்லி வேண்டுவார்கள். வட்டிக்கணக்கிலும் ஐந்தொகையிலும் வளர்ந்த ஊரில் இந்த முதல் வடிவம் வேறு மாதிரி கேட்கும். எனக்குத் தர வேண்டியதை நான் தள்ளுபடி செய்யலாம். அடுத்த புள்ளிக்குத் தர வேண்டியதை நான் எப்படித் தள்ளுபடி செய்வது? கொலையில் கடன் கொடுத்தவர் செத்துப்போயிருக்கிறார். வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுத்தான், வாங்கிக்கொள்ள ஆள் இருந்ததால் அது முடிந்தது.

கொலையாளி பிடிபட்ட பிறகும் மீதி இருப்பது இதுதான். வீட்டில் மற்றப் புள்ளிகள் யாரும் கொல்லவில்லை. ஆனால் பேரம் நடந்தது எல்லோருக்கும் தெரியும், செட்டியார் கையெழுத்தில் சந்தேகம் இருந்தது இரண்டு பேருக்காவது தெரியும், வரைவோலை வந்தபோது யாரும் கேட்கவில்லை. உபாகமம் 21-ஐ எடுத்துப் பாருங்கள். வயல்வெளியில் பிணம் கிடக்கிறது, கொன்றது யாரென்று தெரியவில்லை. மூப்பர் வந்து பிணத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளக்கிறார்கள். கிட்டத்து ஊர் பொறுப்பேற்க வேண்டும். நுகம் பூட்டாத கடாரியை உழாத பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கழுத்தை முறித்து, அதன்மேல் கைகழுவி, எங்கள் கை இதைச் செய்யவில்லை, எங்கள் கண் இதைக் காணவில்லை என்று சொல்ல வேண்டும்.

நம் ஊர் போலீஸும் அளக்கும். பார்வை மகஜரோடு மாதிரி வரைபடம் ஒன்று போடுவார்கள், பிணம் கிடந்த இடத்திலிருந்து ஒவ்வொரு கதவுக்கும் எத்தனை அடி என்று. ஒரு ஏட்டு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வளவைச் சுற்றி நடந்து புள்ளி புள்ளியாக அறைக்கதவில் வைத்து எண்ணைச் சொல்வார். 11 அடி. 14 அடி. 19 அடி. அறைக்குச் சொந்தக்காரர்கள் அவரவர் நிலைப்படியில் நின்றுகொண்டிருப்பார்கள்.